அக்கா பார்த்த டிவி கோபுரம்

ஆகஸ்ட் 22, வெள்ளி: பெரியகுளத்திலிருந்து மேலே

பெரியகுளத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் வடக்கே கொடைக்கானல் மலை தெரியும். இருட்டியதும் அதன் விளிம்பில் விளக்குகள் எரியும். 1989-இல் எங்கள் தெருவில் இருந்த ஆன்டெனாக்கள் எல்லாம் அந்த மலையைப் பார்த்தபடிதான் நின்றன. சென்னைத் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிகளை வாங்கி எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அனுப்பியது மலைமேல் இருந்த டிவி நிலையம். காற்றடித்து ஆன்டெனா திரும்பிக்கொண்டால், "மலைக்கு நேராகத் திருப்பு" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும். மாடியில் நிற்கும் அண்ணன்மார் யாராவது குழாயைப் பிடித்து மெல்லத் திருப்புவார்கள். "போதும், போதும், அப்படியே விடு!"

அந்தக் கோபுரத்தை நான் பார்த்ததே இல்லை. சொந்தக்காரர்களோடு வேன் பிடித்து வந்து ஏரி, பூங்கா, தூண் பாறை என்று ஓடிவிட்டு மாலையே இறங்கிய பயணங்களில் அதற்கு நேரம் இருந்ததில்லை. ஆனால் அக்கா பார்த்திருக்கிறாள். எட்டாம் வகுப்பில் அவள் பள்ளியிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா அழைத்துப்போனார்கள். தலைக்கு 30 ரூபாய். ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்கும் வேறொரு நாளில் அதே சுற்றுலா, அதே கட்டணம். அப்பாவால் ஒருவருக்குத்தான் கட்ட முடிந்தது. அக்கா போய்விட்டு வந்து ஒரு வாரம் கதை சொன்னாள். டிவி கோபுரத்தின் காலைத் தொட்டுப் பார்த்தாளாம். தொட்ட கை அதிர்ந்ததாம். உள்ளே தேனீக் கூட்டம் போல ஒரு ரீங்காரம் கேட்டதாம். நான் அதை என் வகுப்பில் போய்ச் சொன்னேன். மதிய இடைவேளையில் பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

அக்கா இப்போது கோயம்புத்தூரில் இயற்பியல் ஆசிரியை. "இந்த முறை நாம் இரண்டு பேர் மட்டும் போவோம், எனக்கு அந்தக் கோபுரத்தைக் காட்டு" என்று கேட்டேன். சரி என்றாள்.

காட்ரோட்டில் பேருந்து மலைப்பாதைக்குத் திரும்பியதுமே காற்று மாறிவிட்டது. கீழே மஞ்சளாறு அணையில் நல்ல தண்ணீர். டம்டம் பாறை வளைவில் எலிவால் அருவி தெரிந்தது. மலை முகத்தில் மேலிருந்து கீழாக ஒரே வெள்ளைக் கோடு. ஓட்டுநர் கோடைப் பண்பலையை வைத்திருந்தார். 100.5-இல் பழைய பாட்டு. அதுவும் இதே மலையிலிருந்து வருவதுதான். ஊத்து தாண்டும்போது அக்காவுக்குக் குமட்ட ஆரம்பித்தது. நான் பையில் துழாவிக்கொண்டிருக்கும்போதே முன் இருக்கையில் இருந்த யாரோ ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி அக்கா கையில் வைத்தார். ஜன்னலோரத்தில் இருந்த தன் மகனை எழுப்பி, "நீ இங்கே வா, அக்கா அங்கே உட்காரட்டும்" என்றார். பெருமாள்மலையில் இறங்கிப் போகும்போதுதான் "இப்போது பரவாயில்லையா?" என்று கேட்டார்.

வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னால் வண்டிகள் வரிசை. கார்களில் இ-பாஸ் பார்க்கிறார்கள், தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். சிறிய பிளாஸ்டிக் பாட்டில்களை மலையில் தடை செய்திருப்பது மிக நல்ல காரியம். பாதையோரத்தில் முன்பு கிடந்த குப்பையில் பாதிகூட இப்போது இல்லை. பேருந்து அங்கே நின்ற நேரத்தில் ஒரு பெண் கூடையில் பேரிக்காய் கொண்டுவந்தார். கிலோ 80 ரூபாய். கல் மாதிரி இருந்தது, கடித்தால் இனித்தது.

நாயுடுபுரம் பக்கம் ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்தோம். வாடகை 1,800. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தபால்காரர். வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இரவு அவர் மனைவி தோசையும் பூண்டுச் சட்னியும் கொடுத்தார். அந்தக் குளிரில் அந்தக் காரம் உடம்பெல்லாம் பரவியது.

வெள்ளிக்கிழமை இரவு என்பதால், அந்த நாளில் டிவியில் வந்த சினிமாப் பாட்டு நிகழ்ச்சி ஒளியும் ஒலியும் ஞாபகம் வந்துவிட்டது. அக்காவும் நானும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டிவி வீட்டைப் பற்றிப் பேசினோம். எங்கள் தெருவில் முதலில் டிவி வாங்கிய வீடு இரண்டு வீடு தள்ளி இருந்தது. சாலிடேர் பெட்டி; மரக் கதவு இருபுறமும் மடங்கித் திறக்கும். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் தலைக்கு 25 காசு வாங்கினார்கள். இந்த வீட்டில் காசு இல்லை. கால் கழுவிவிட்டு வர வேண்டும், சின்னப் பிள்ளைகள் முன்னால் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெரியம்மா வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் டிவி கதவைத் திறப்பார். கூடத்தில் பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்துவிட்டால் அடுப்படிக்குப் போக வழி இருக்காது. பெரியப்பா அரிசி மண்டியிலிருந்து பசியோடு வருவார். உள்ளே எட்டிப் பார்ப்பார். திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார். கடைசிப் பாட்டு முடிந்து நாங்கள் எழுந்த பிறகுதான் அவருக்குச் சோறு. ஒரு வெள்ளிக்கிழமைகூட அவர் முகம் சுளித்ததில்லை.

அந்த வீட்டுக்கு ஒரு ஜன்னலும் இருந்தது. தெருவைப் பார்த்த ஜன்னல். சில பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்று பார்த்தார்கள். அவர்களை யாரும் விரட்டவில்லை. யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை. அதில் ஒருத்தி என் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள். ஜூன் மாதம் புதுப் பாடப் புத்தகம் வாங்கியதும் நாங்கள் இருவரும் முதலில் முகர்ந்து பார்ப்போம். முதல் பக்கத்தில் 'தீண்டாமை ஒரு பாவச் செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்' என்று இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே குரலில் வாசிப்போம். வெள்ளிக்கிழமை அவள் ஜன்னலுக்கு வெளியே நிற்பாள், நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பிரியமான அந்த வீட்டை நினைக்கும்போதெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்த அந்த விரல்களும் கூடவே வருகின்றன. பெரியம்மாவின் நல்ல மனசு உண்மை. அந்த ஜன்னலும் உண்மை. அக்கா நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மழை வந்தாலும் அங்கேயே நிற்பார்கள்" என்றாள்.

ஆகஸ்ட் 23, சனி: மூடுபனி

காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. பத்து மணிக்குக் கொஞ்சம் விலகியது. டாக்சி பேசினோம், 600 ரூபாய். ஏரிக்கும் பூங்காவுக்கும் போகாமல் டிவி கோபுரம் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "அதைப் பார்க்க வந்தவர்கள் நீங்கள்தான் முதல் ஆள், அம்மா" என்றார். கிண்டல் இல்லாமல் சொன்னார். அவருடைய அப்பா வத்தலக்குண்டில் ஆன்டெனா மாட்டும் வேலை பார்த்தாராம்.

மேட்டுச் சாலை ஒன்றில் வண்டியை ஓரம் கட்டினார். இதற்கு மேல் போக அனுமதி இருக்காது, இங்கிருந்தே பாருங்கள் என்றார். யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே இரும்புக் கோபுரத்தின் கீழ்ப்பாதி தெரிந்தது. மேல்பாதி பனிக்குள் இருந்தது. நான் இறங்கி ஓடினேன். அக்கா வண்டிக் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

"நான் இதைப் பார்த்ததே இல்லை" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"அன்றைக்கும் இதே பனிதான். இதைவிட மோசம். பேருந்து நிற்கவே இல்லை. டீச்சர் எழுந்து நின்று, 'அதோ அங்கேதான் டிவி கோபுரம் இருக்கிறது' என்று கை காட்டினார். எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தோம். வெறும் வெள்ளையாக இருந்தது. சூரியனை ஆராயும் இடம் என்று வான் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே சூரியனும் இல்லை."

"கையால் தொட்டேன் என்று சொன்னாயே அக்கா."

"வீட்டுக்கு வரும்போது நீ வாசல்படியில் உட்கார்ந்திருந்தாய். எனக்காக உன் சுற்றுலாவை விட்டுக்கொடுத்தவள். உன்னிடம் வந்து, ஒன்றுமே தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த ரீங்காரத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! என் பிள்ளைகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். பதினாலு வயதுகூட ஆகாத ஒரு பெண், மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் உட்கார்ந்து, தங்கைக்காக அந்தக் கோபுரத்தை மனசிலேயே கட்டியிருக்கிறாள். உண்மையில் பார்த்திருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பாள். எனக்கு ஒரு வாரத்துக் கதை கிடைத்திருக்காது.

பனி இன்னும் கொஞ்சம் விலகக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் அக்கா ஆசிரியை ஆகிவிட்டாள். டிவி அலைகள் நேர்கோட்டில் போகிறவை; மலையோ மேடோ குறுக்கே வந்தால் அதற்கு அப்பால் நிழல் விழும். அதனால்தான் ஏழாயிரம் அடி உயரத்தில் நிலையத்தை வைத்தார்கள். உயரம் கூடக் கூட அடிவானம் தள்ளிப்போகும், ஒரே கோபுரம் பல மாவட்டங்களைப் பார்க்கும். தண்ணீருக்கு மேலே தடையே இல்லை என்பதால்தான் ராமநாதபுரம் சித்தப்பா வீட்டில் இலங்கை ரூபவாஹினி தெளிவாகத் தெரிந்தது. 1982-இல் ரூபவாஹினி தொடங்கிய பிறகு அந்தக் கடற்கரைப் பக்கம் பனைமரத்துக்குப் போட்டியாக ஆன்டெனாக் கம்பங்கள் நின்றதும், சித்தப்பா வீட்டில் சிங்களச் செய்தியை ஒன்றும் புரியாமலே முழுக்கப் பார்த்ததும் எங்கள் இருவருக்கும் நன்றாக நினைவிருக்கிறது. எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-இல் இந்த ஊர் ஆய்வகத்தில் இருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார் என்றும் சொன்னாள். அதை இப்போது தன் மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம், சூரியன் இல்லாத அந்தச் சுற்றுலா நினைவுக்கு வருமாம்.

ஓட்டுநரும் இறங்கி வந்து கேட்டுக்கொண்டிருந்தார். "இப்போது எல்லாம் டிஷ்தானே அம்மா" என்றார். உண்மைதான். ஆன்டெனாவில் பிடிக்கும் பழைய ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் நாடெங்கும் படிப்படியாக நிறுத்திவிட்டது. அதன் தமிழ்ச் சேனலுக்கு இருந்த பொதிகை என்ற பெயரும் 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆகிவிட்டது. பதினொன்றரை மணிக்கு ஒரு காற்று வந்தது. கோபுரத்தின் உச்சி வரை ஒரு நிமிடம் முழுதாகத் தெரிந்தது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாக அதைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்தது எனக்கு இன்னும் நம்ப முடியாத சந்தோஷமாக இருக்கிறது.

மதியம் ஏரிக்கரை. சனிக்கிழமைக் கூட்டம். 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் வெட்டிய ஏரி. அன்றைக்கு அவர் நினைத்திருக்கவே முடியாத அளவு கார்கள் அதைச் சுற்றி. ரொட்டி ஆம்லெட் 70 ரூபாய், டீ 20. சுட்ட மக்காச்சோளத்தில் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தேய்த்துக் கொடுத்தவர், மழை தூறியதும் தன் குடையை எங்கள் பக்கம் நகர்த்தினார். அவர் தோள் நனைந்தது. நாங்கள் சொல்லியும் கேட்கவில்லை.

மாலை மழை வலுத்துவிட்டதால் வீட்டுக்காரரின் கூடத்தில் உட்கார்ந்தோம். அங்கே ஒரு மர அலமாரி முழுக்க பைண்டு செய்த தொடர்கதைகள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் எஸ்டேட் வீடுகளுக்கும் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும் சந்தா கட்டிய பத்திரிகைகள் தபாலில் வரும். அவர் அவற்றை மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாராம். படித்து முடித்தவர்கள் பழைய இதழ்களை அவருக்கே கொடுத்தார்கள். அவர் தொடர்களை மட்டும் பிரித்து, வரிசையாக அடுக்கி, கோந்தும் காலிகோ துணியும் வாங்கித் தன் கையாலேயே பைண்டு செய்திருக்கிறார்.

பைண்டு புத்தகத்தின் சுகம் கதையில் மட்டும் இல்லை. வாரத்துக்கு வாரம் வெட்டி எடுத்த தாள்களாதலால் பின்பக்கத்தில் வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். பாதி சமையல் குறிப்பு, முடிவு இல்லாத ஒரு துணுக்கு, தலைவலித் தைல விளம்பரம், யாரோ ஒரு வாசகியின் கடிதம். கதாநாயகன் கடலில் விழும் இடத்துக்கு நேர் எதிரில் ரவா லட்டுக்கு எவ்வளவு நெய் என்று இருக்கும். என் மனசில் அந்தக் கதையும் அந்த நெய் வாசனையும் பிரியவே இல்லை. இன்று அதே கதைகளைப் பளபளப்பான புத்தகமாக வாங்கிப் படித்தால் ஏதோ குறைகிறது.

எங்கள் வீட்டில் சொந்தப் புத்தகம் என்று பாடப்புத்தகம் தவிர எதுவும் இல்லை. அம்புலிமாமா ஒரு டாக்டர் வீட்டிலிருந்து வரும். சங்கர் வரைந்த அந்தப் படம், தோளில் வேதாளத்தோடு வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தன், எங்களுக்கு மனப்பாடம். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் பையன்களிடம் இருக்கும். ஒரு நாள் இரவல், அட்டை மடங்கினால் அடுத்தது கிடையாது. சிறுவர் மலர் வெள்ளிக்கிழமை முடிதிருத்தும் கடைக்கு வரும். பெண் பிள்ளைகள் அந்தக் கடைக்குள் போக மாட்டோம். கடைக்காரர் ஆள் இல்லாத நேரம் பார்த்து அதை எடுத்துவந்து வாசல் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். நாங்கள் வருவோம் என்று அவருக்குத் தெரியும். அந்த மனிதரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. நான் எழுதுகிறவளாக இருப்பதற்கு அந்த பெஞ்சும் ஒரு காரணம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு: பூம்பாறை

மேல்மலைப் பக்கம் பூம்பாறைக்குப் பேருந்தில் போனோம். வழி முழுக்கச் சோலையும் பைன் மரமும். மேலிருந்து பார்க்கும் இடத்தில் ஊர் முழுசாகத் தெரிகிறது. படிப்படியாக வெட்டிய வயல்கள், நடுவில் நெருக்கமாக வீடுகள். குழந்தை வேலப்பர் கோயிலில் கூட்டம் குறைவு. அர்ச்சகர் நிதானமாகத் தீபம் காட்டினார். கோயிலுக்கு வெளியே காரட் கட்டு 20 ரூபாய், மண்ணோடு. கழுவிக் கடித்தால் பால் மாதிரி இனிப்பு.

திரும்பும் பேருந்து வரவில்லை. வழியில் மரம் விழுந்துவிட்டது, அறுத்து எடுக்க நேரமாகும் என்றார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டு இறவாணத்தின் கீழ் ஒதுங்கினோம். உள்ளே ஓர் அம்மா பூண்டு காம்பு அறுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "அங்கே ஏன் நிற்கிறீர்கள், உள்ளே வா தாயி" என்றார். செருப்பெல்லாம் சேறு என்றோம். "சேறு எங்கள் ஊர்ச் சேறுதானே" என்றார்.

வீடு முழுவதும் பூண்டு. உத்தரத்திலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அடுப்புப் புகை பட்டால்தான் கெடாமல் இருக்குமாம். இந்த மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வியாபாரி கொடுக்கும் விலை மட்டும் வருடத்துக்கு வருடம் ஆடுகிறது என்றார். நாங்கள் ஒரு கிலோ 300 ரூபாய்க்கு வாங்கினோம். கையால் நசுக்கினாலே கண் எரிகிறது. கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தார், கருப்பட்டி போட்டது. காசு கொடுக்கப் பார்த்தபோது அவர் முகம் வாடியது, நிறுத்திக்கொண்டோம்.

மூலையில் அரசாங்கம் கொடுத்த பதினான்கு அங்குல டிவி ஒன்று துணி மூடி இருந்தது. 2006-க்குப் பிறகு வீடு வீடாகக் கொடுத்தது. ஓடவில்லை, ஆனால் தூக்கிப் போட மனம் வரவில்லையாம். நான் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்த கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் சிறு பெண்ணாக இருந்தபோது ஊரில் ஒரு டிவி இருந்ததாம். "கோபுரம் பக்கத்து மலையில்தான். எங்களுக்குத்தான் படம் வராது. பூச்சி பூச்சியாக ஓடும், குரல் மட்டும் கேட்கும்" என்றார். குறுக்கே மலை. அக்கா நேற்றுச் சொன்ன நிழல் இதுதான். நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்களுக்குக் கண்ணாடி போலத் தெரிந்தது, இவ்வளவு அருகில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் அவர்கள் விடவில்லை. 1988 அக்டோபரில் மகாபாரதம் தொடங்கியதும் ஞாயிறு காலையில் ஊரே அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்திருக்கிறது. இந்தி யாருக்கும் தெரியாது, படமும் தெரியாது. ஊரில் கூத்து கட்டிப் பழகிய ஒரு தாத்தா பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வரும் குரலைக் கேட்டே, "இது சகுனி, இப்போது தாயத்தை உருட்டுகிறான்", "இது திரௌபதி அழுகிறாள்" என்று சொல்லுவாராம். சில வாரம் அவர் சொன்னது டிவியில் நடந்ததற்கு முன்னாலேயே போய்விடுமாம். "எங்களுக்கு அந்தத் தாத்தாதான் மகாபாரதம். பிறகு கலர் டிவியில் நன்றாகப் பார்த்தேன். அவ்வளவு பயம் வரவில்லை" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தாத்தாவும், பேருந்தில் உட்கார்ந்து கோபுரம் கட்டிய என் அக்காவும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். அக்கா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிவி வீட்டுக்கு எல்லாப் பிள்ளைகளும் உள்ளே போகலாமா என்று அக்கா அவரிடம் கேட்டாள். அவர் அறுத்த காம்புகளை ஒதுக்கிவிட்டு, "எல்லாரும் போனோம் என்று சொல்ல ஆசைதான் தாயி" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பேருந்து வர மாலை ஐந்தாகிவிட்டது. கடைசிப் படியில் ஏறும்போது ஓடிவந்து ஒரு பொட்டலம் கொடுத்தார், வேகவைத்த உருளைக்கிழங்கு, உப்பும் மிளகும் போட்டு. பேருந்தில் எங்களுக்குப் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்கள் மூன்று பேருக்கும் கொடுத்தோம். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்: இறக்கம்

வெயில்! வந்ததிலிருந்து காணாத வெயில். அக்காவுக்குப் பழனி வழிப் பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. வத்தலக்குண்டு வரை சேர்ந்தே இறங்கினோம். அங்கே அவளுக்கு திண்டுக்கல் பேருந்து, எனக்குப் பெரியகுளம். புதன்கிழமை விநாயகர் சதுர்த்தி என்பதால் கடைவீதியில் களிமண் பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிறியது 60 ரூபாய். அக்கா ஒன்று வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டாள்.

வத்தலக்குண்டில் இறங்கினால் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை வந்துவிடும். ராஜம் ஐயரும் பி. எஸ். ராமையாவும் பிறந்த ஊர், சி. சு. செல்லப்பா வளர்ந்த ஊர். இவ்வளவு சின்ன ஊர் தமிழ் உரைநடைக்கு இத்தனை பேரைக் கொடுத்திருக்கிறது. பேருந்து நிலையத்தில் அவர்கள் பெயரை ஒரு பலகையில் எழுதி வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் படிப்பார்கள். யாராவது செய்ய வேண்டும்.

கிளம்பும்போது தபால்காரர் ஒரு பைண்டு புத்தகத்தை என் கையில் கொடுத்திருந்தார். சனிக்கிழமை நான் பாதியில் விட்டது. விலை கேட்டேன், விற்பதில்லை என்றார். ஒரு நீள நோட்டை எடுத்து என் பெயரையும் தேதியையும் எழுதிக்கொண்டார். அந்த நோட்டில் எனக்கு முன்னால் இருந்த பெயர்களில் பாதி வெளியூர்க்காரர்கள். எல்லாவற்றுக்கும் நேரே 'வந்தது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. படித்துவிட்டு அனுப்புங்கள், அவசரமில்லை, அட்டை மட்டும் நனையக் கூடாது என்றார்.

இரண்டு இரவில் முடித்துவிட்டேன். அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டிய பக்கங்களை மட்டும் போன் வழியாக வாசித்தேன். பின்பக்கத்து மாங்காய் ஊறுகாய்க் குறிப்பையும் சேர்த்து. வியாழக்கிழமை காலை பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, கூரியரில் போட்டேன். 90 ரூபாய் ஆயிற்று. சனிக்கிழமை மாலை அவரிடமிருந்து போன் வந்தது. புத்தகம் நனையாமல் வந்து சேர்ந்ததாம். அடுத்த பாகம் தன்னிடம் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டார்.